பிரஷ்ஷைக் கழுவிவிட்டுப் போனை எடுங்கள்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருவது எந்தத் தாள் நல்லது, பச்சை ஏன் சேறு மாதிரி ஆகிவிடுகிறது என்கிற கேள்விகள்தான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறு விஷயம். வரைந்ததை நாலு பேருக்குச் சொல்வது எப்படி, அதற்கு நடுவில் வீட்டையும் வேலையையும் பார்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

அக்கா, நான் தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு குழந்தைகள். அவர்கள் தூங்கிய பிறகு இரவு 10 முதல் 12 வரைதான் எனக்கான நேரம். தினமும் ஒரு ரீல்ஸ் போட்டால்தான் இன்ஸ்டாகிராமில் நம் பக்கத்தைக் காட்டும் என்கிறார்கள். படம் பிடித்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து, நாலு வரி எழுதி முடிப்பதற்குள் மணி பதினொன்றே முக்கால். 3 மாதமாக ஒரு படத்தைக்கூட முடிக்கவில்லை. நிறுத்தினால் எல்லாரும் மறந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திண்டுக்கல்

3 மாதமாக ஒரு படத்தைக்கூட முடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மறந்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் புரிகிறது, ஆனால் முதலில் கவலைப்பட வேண்டியது அதற்கு இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மழைக்கு முந்தைய வைகைக் கரையை வாட்டர்கலரில் வரைந்துகொண்டிருந்தேன். வானத்துக்குத் தாளை முழுக்க நனைத்துவிட்டு, அந்த ஈரப் பளபளப்பு போய்த் தாள் மங்குகிற நேரம் பார்த்து நிறத்தை இறக்க வேண்டும். அது ஒரு நிமிஷம்கூட நிற்காது. இறக்க ஆரம்பித்த நேரம் பார்த்து போன் ஸ்டாண்டின் நிழல் தாளில் விழுந்தது. ஸ்டாண்டை நகர்த்தினேன். அப்புறம் என் இடது கை படத்துக்குள் வந்தது, அதை மடக்கிக்கொண்டேன். ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், இண்டிகோ நீலத்தின் விளிம்பு காய்ந்து, வானத்துக்கு நடுவில் ஆணியால் கீறின மாதிரி ஒரு கோடு. வாட்டர்கலர் போடுகிறவர்களுக்குத் தெரியும், அதைத் தடம் தெரியாமல் அழிப்பது கஷ்டம். அந்த வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். படம் மட்டும் இன்னும் என் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது, அது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. வேகமாக ஓட்டினால் அழகாகத் தெரிகிற படங்களாகவே வரைய ஆரம்பித்திருந்தேன். ஒரு கண், ஒரு தாமரை, ஒரு மயிலிறகு. முதல் மூன்று நாள் அசிங்கமாக இருந்து நாலாவது நாள் உயிர் வருகிற படங்கள் உண்டு இல்லையா, அந்த மாதிரி படங்களை நான் தொடவே இல்லை. போன் வரைகிற மேசைக்கு வந்தால் இதுதான் நடக்கும். அது உங்கள் நேரத்தை எடுப்பதோடு நிற்காது, எதை வரைவது என்று முடிவு பண்ணவும் ஆரம்பித்துவிடும்.

அதற்காக யாருக்கும் சொல்லாமல் இருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் அப்பா மதுரையில் கடைகளுக்கு போர்டு எழுதியவர். தகரத்தில் எனாமல் பெயின்ட். நூலில் சாக்பீஸ் தூள் தடவி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துத் தட்டினால் நேர்க்கோடு விழும். அதன் மேல் எழுத்தை சாக்பீஸால் போட்டு, எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்துதான் பெயின்ட் டப்பாவைத் திறப்பார். எல்லாம் முடிந்து கடைக்காரர் வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகு, வலது பக்கக் கீழ் மூலையில், இருக்கிறதிலேயே மெல்லிய பிரஷ்ஷால், ஒரு விரல் நீளத்துக்குத் தன் பெயரையும் தெருப் பெயரையும் எழுதுவார். அடுத்த வேலையைக் கொண்டுவந்தது அந்த ஒரு விரல் நீளம்தான். ஒரு போர்டிலும் அதை அவர் விட்டதில்லை, ஒரு போர்டிலும் அதை முதலில் எழுதியதும் இல்லை.

உங்களுக்கு வாரத்துக்கு ஏழு இரவு. ஐந்தை வரைவதற்கு வையுங்கள், அந்த ஐந்து நாளும் போன் வேறு அறையில் சார்ஜில் இருக்கட்டும். ஒரு இரவு சொல்வதற்கு: அந்த வாரம் வரைந்ததில் இரண்டு போட்டோ, நாலு வரி, போதும். இன்னொரு இரவு சீக்கிரம் தூங்குங்கள், மறுநாள் காலையில் முதல் பீரியட் யார் எடுப்பது? போட்டோவை ராத்திரி டியூப்லைட்டில் எடுக்காதீர்கள், நிறம் செத்துவிடும். ஞாயிறு காலையில் ஜன்னல் பக்கம், வெயில் நேராக விழாத இடத்தில் தாளைச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்தால் பத்து நிமிஷத்தில் ஒரு மாதத்துக்கான போட்டோ கிடைத்துவிடும்.

அப்புறம், ஒரு நோட்டுப் போடுங்கள். இதுவரை உங்களிடம் படம் வாங்கியவர்களின் பெயர், ஊர், என்ன படம், அதை எந்தச் சுவரில் மாட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். பத்துப் பேர் இருந்தாலும் சரி. பொங்கலுக்கு அவர்களுக்குக் கையால் வரைந்த ஒரு வாழ்த்து அட்டை தபாலில் போகட்டும். என் நோட்டில் 22 வருஷத்தில் 160 சொச்சம் பெயர்கள் இருக்கின்றன, புதிதாக வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த 160 பேரில் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். அவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள், தைரியமாக இருங்கள்.

கரியில் (சார்கோல்) முகங்கள் வரைகிறேன். என் படத்தை நானே நன்றாக இருக்கிறது என்று போடக் கூச்சமாக இருக்கிறது. தற்புகழ்ச்சி தப்பு என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.
– வாசகர், புதுக்கோட்டை

தம்பி, தப்பு என்றுதான் நன்னூலும் சொல்கிறது. யாருக்கும் தோன்றாததைத் தோற்றுவித்து, பல துறைகளை முடித்துக் காட்டியவனாக இருந்தாலும் தன்னைத்தானே புகழ்வது தகாது என்று பவணந்தி முனிவர் அடித்துச் சொல்லிவிடுகிறார். பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது இதோடு முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே, நாலு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்களிடம் பேசும்போது, சபையில் வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழித்துப் பேசியபோது. இரண்டாவதைப் பாருங்கள், 'தன்னுடை ஆற்றல் உணரார் இடையினும்'. உங்கள் படத்தை இதுவரை பார்க்காதவர்கள் எல்லாரும் அந்த உணரார்தான். கிட்டத்தட்ட 800 வருஷத்துக்கு முன்னால் எழுதிய இலக்கண நூல் உங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது, இன்னும் என்ன கூச்சம்?

நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அதைப் பார்க்கிறவர்கள் சொல்லட்டும். நீங்கள் தகவலை மட்டும் எழுதுங்கள். 'வாரச் சந்தையில் பனங்கிழங்கு விற்ற பெரியவர். கரி. 12க்கு 16 அங்குலம். மூன்று முறை போய் உட்கார்ந்து வரைந்தது. விலை இவ்வளவு.' இதில் எங்கே தற்புகழ்ச்சி இருக்கிறது? மூன்று முறை போனேன் என்ற ஒரு வரியிலேயே உங்கள் உழைப்பு தெரிந்துவிடும். விலையையும் வெளிப்படையாகப் போடுங்கள். இன்பாக்ஸில் கேளுங்கள் என்று போட்டால் பாதிப்பேர் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுவார்கள், அவர்களும் உங்களை மாதிரி வளர்ந்தவர்கள்தானே.

இன்னொன்று, உங்களுக்குப் பிடித்த வேறு ஓவியர்களைப் பற்றியும் எழுதுங்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன் எதிரே பசியோடு வருகிற கலைஞனுக்கு வழி சொல்கிறான், இந்தப் பக்கம் போ, இன்ன வள்ளல் இருக்கிறான், இப்படித் தருவான் என்று. நம் மொழியில் கலைக்கான விளம்பரம் அப்படி ஆரம்பித்தது. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

நல்ல ஓவியம் தானாகவே பேசப்படும், வான்கோ என்ன விளம்பரமா செய்தார் என்று என் ஓவிய ஆசிரியர் சொல்கிறார். சரியா?
– வாசகர், திருநெல்வேலி

வான்கோவுக்காக ஒருவர் செய்தார். டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ 1890 ஜூலையில் இறந்தார், அவரைத் தாங்கிப் பிடித்த தம்பி தியோ ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில் போய்விட்டார். மிஞ்சியது தியோவின் மனைவி யோஹானா. வயது 28, கையில் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை, வீடு நிறைய யாரும் வாங்காத படங்கள். அவர் நெதர்லாந்துக்குத் திரும்பி, பூசும் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே அந்தப் படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பினார், விமர்சகர்களிடம் பேசினார், கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்களை வரிசைப்படுத்தி 1914இல் வெளியிட்டார். சூரியகாந்திப் படங்களில் ஒன்றை 1924இல் லண்டன் நேஷனல் கேலரிக்கு விற்றார், விட்டுக்கொடுக்க மனசில்லாமல்தான் விற்றார். கணக்குப் பாருங்கள், 30 வருஷத்துக்கு மேல் ஒரு பெண் விடாமல் செய்த வேலை அது. படம் தானாகப் பேசவில்லை. உங்கள் ஆசிரியர் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்தக் கதையில் யோஹானாவை விட்டுவிட்டுச் சொல்வது அநியாயம்.

பிரின்ட் போட்டு விற்றால் ஒரிஜினலின் மதிப்பு குறையுமா?
– வாசகி, விருதுநகர்

குறையாது. ரவி வர்மா 1894இல் மும்பையில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சிட்டு வீட்டுக்கு வீடு பூஜையறை வரைக்கும் கொண்டுபோனார், அதனால் அவருடைய எண்ணெய் ஓவியங்களின் மதிப்பு துளியும் இறங்கவில்லை. ஆனால் அச்சகம் அவருக்குக் கடன் மேல் கடன் வைத்தது, கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன் தொழில்நுட்பக்காரரிடமே அதை விற்க வேண்டி வந்தது. அதனால் பிரின்ட் போடுங்கள், பிரின்டர் வாங்காதீர்கள். 25 காப்பி வெளி அச்சகத்தில் போட்டு, எண் எழுதிக் கையெழுத்திட்டு விற்றுத் தீர்ந்த பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

ஒரு தொழிலதிபர் குடும்பத்தை போட்டோ பார்த்து ஓவியமாக வரைந்து கொடுத்தேன். பணமும் தந்துவிட்டார்கள். இப்போது அதைத் தங்கள் நிறுவனக் காலண்டரில் என் கையெழுத்தை வெட்டிவிட்டு அச்சிட்டிருக்கிறார்கள். கேட்டால் காசு கொடுத்தாயிற்றே என்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் கோபம் நியாயம். ஆனால் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவில், ஒருவர் காசு கொடுத்து ஆர்டர் செய்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் காப்புரிமை ஆர்டர் கொடுத்தவருக்குத்தான். இது தெரியாத ஓவியர்கள் நம் ஊரில் நிறையப் பேர், ஒரு காலத்தில் நானும் தெரியாமல் இருந்து ஒரு நிறுவனத்திடம் 6 படங்களை இழந்திருக்கிறேன். அதனால் காலண்டர் போட்டதையே தடுப்பது கஷ்டம். கையெழுத்தை வெட்டியது வேறு விஷயம். 57வது பிரிவு, காப்புரிமை கைமாறினாலும் இது என் படைப்பு என்று உரிமை கோருவதற்கான உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. அதைச் சொல்லி, நிதானமாக ஒரு கடிதம் எழுதுங்கள், அடுத்த அச்சில் பெயர் போடச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இனிமேல் அட்வான்ஸ் வாங்கும் முன்பே எழுத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: காப்புரிமை ஓவியருடையது, வீட்டில் மாட்டிக்கொள்ளலாம், அச்சிடுவதற்குத் தனி அனுமதியும் தனித் தொகையும் வேண்டும் என்று. இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இந்த மாதிரி காகித வேலைகள் வரைகிற மனநிலையைக் கெடுக்கின்றன என்று நிறையப் பேர் தள்ளிப்போடுகிறார்கள். பத்து நிமிஷ வேலை அது. செய்யாமல் விட்டால் மாதக்கணக்கில் மனதை அரிக்கும், உங்களை இப்போது அரிக்கிற மாதிரி.

சொந்தக்காரர்கள் எல்லாரும் சும்மா வரைந்து தரச் சொல்கிறார்கள்.
– வாசகி, தேனி

கல்யாணத்துக்கு மொய் எழுதுவதற்குப் பதில் படம் கொடுங்கள், மனதாரக் கொடுங்கள். மற்ற நேரத்தில் விலை சொல்லுங்கள். சித்தப்பாவாக இருந்தாலும் சரி. தாள் விலையை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் உங்கள் வேலையின் விலை அதுவாகவே நின்றுவிடும்.

சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, 9 வருஷமாக. சனி ஞாயிறு மட்டும் அக்ரிலிக் வரைகிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியன் ஆகிவிடலாமா? பாதி பாதியாக இருப்பது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது.
– வாசகர், சென்னை

உங்கள் ஆபீஸிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் ஈஞ்சம்பாக்கம் பக்கம்தான். ஒரு சனிக்கிழமை சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போய்வாருங்கள். 1966இல், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தது அது. அப்போது நவீன ஓவியத்தை வாங்க இங்கே ஆள் கிடையாது. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? துணியில் மெழுகு பூசி, சாயத்தில் முக்கி, மெழுகை உருக்கி எடுத்து பாத்திக் செய்தார்கள், இன்னும் தோலிலும் உலோகத்திலும் கைவினைப் பொருட்கள் செய்தார்கள். அதை விற்ற காசில்தான் அந்த மணல்காட்டை வாங்கிக் குடிசை போட்டார்கள், சாப்பிட்டார்கள். நாளில் ஒரு பகுதி கைவினை, மிச்சம் ஓவியம். சோறு பாத்திக்கிலிருந்து வந்ததால் கேன்வாஸ் யாருக்கும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பணிக்கரே தன் கடைசி வருஷங்களில் கட்டங்களும் குறியீடுகளும் படிக்க முடியாத எழுத்துகளுமாக வரைந்த படங்களைப் பாருங்கள், வரவேற்பறைக்கு ஏற்ற மாதிரி வரைய வேண்டியிருந்தால் அவை வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

உங்கள் ஐடி வேலை உங்களுடைய பாத்திக். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. வேலையை விடவே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் 12 மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும், ஒரு வருஷமாவது விற்பனை இந்த மாதம் இவ்வளவு என்று கணக்கு எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் விட்டால் மூன்றாவது மாதமே யார் எது கேட்டாலும் வரைந்து தருகிற நிலைமை வந்துவிடும், சோபா நிறத்துக்கு ஏற்ற மாதிரி வேண்டும் என்றாலும்கூட. நான் அந்த நிலைமையில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறேன். அந்த இரண்டு வருஷத்துப் படங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை, வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தேன். குழந்தைக்கு 8 மாதம். பிரஷ்ஷைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூடப் படித்தவர்கள் கண்காட்சி வைக்கிறார்கள், போட்டோ போடுகிறார்கள். பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. நான் இன்னும் ஓவியர்தானா அக்கா?
– வாசகி, பெரம்பலூர்

ஆமாம். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் கேட்டுப் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, 160வது பாட்டு. வீட்டில் சோறு இல்லை. குழந்தை பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, அழுகிறது. அம்மா புலி வருகிறது என்று பயம் காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள், எதற்கும் அடங்கவில்லை. கடைசியில், உன் அப்பாவை நினைத்துக் கோபமாக இருக்கிறாயே, அந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வாய், காட்டு பார்ப்போம் என்று கேட்கிறாள். 2000 வருஷத்துக்கு முன்னால் ஒரு புலவர் அரசன் வாசலுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லப் போனபோது எடுத்துக்கொண்டு போனது இதைத்தான், தன் வீட்டு அடுக்களையை.

ஆனால் இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்றும் தோன்றும். எழுதியவர் அப்பா. அவர் குமணனைப் பார்க்கப் போக முடிந்தது, அவள் வீட்டில் நிலாவைக் காட்டிக்கொண்டிருந்ததால். அவள் பாடியிருந்தால் என்ன பாடியிருப்பாள் என்பது நமக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் உங்கள் கணவரிடம் இந்த வாரமே பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் குழந்தை அவரிடம். நீங்கள் மொட்டை மாடிக்கோ கோயில் பிரகாரத்துக்கோ போய்விடுங்கள், வீட்டுக்குள்ளேயே இருந்தால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவார்கள். இதை உதவியாகக் கேட்காதீர்கள், அவருடைய குழந்தையும்தான். கூடப் படித்தவர்களின் பக்கங்களைக் கொஞ்ச நாளைக்குக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பொறாமை ஒன்றும் இல்லை, தூக்கமில்லாத மனதுக்கு அது தாங்காது, அவ்வளவுதான்.

மற்ற நாட்களுக்கு ஒரு 2பி பென்சிலும் உள்ளங்கை அளவு நோட்டும் போதும், தொட்டில் பக்கத்திலேயே கிடக்கட்டும். என் மகள் பால் குடிக்கும்போது எனக்கு ஒரு கைதான் மிச்சம் இருக்கும், கண்ணுக்கு எதிரே இருப்பது அவள் காது மட்டும். அதைத்தான் வரைந்தேன். முதலில் வரைந்ததெல்லாம் சிப்பி மாதிரி இருக்கும். காதின் உள்மடிப்பு ஒய் எழுத்து மாதிரி பிரிகிறது என்பதையே பதினைந்தாவது காதில்தான் கவனித்தேன், கல்லூரியில் அனாடமி வகுப்பில் எத்தனையோ காது வரைந்தும் கண்ணில் படாதது அது. மொத்தம் 31 காது. அவளுக்கு இப்போது 24 வயது, அந்த நோட்டை நான் எங்கேயும் போட்டதில்லை, விற்றதும் இல்லை.

நீங்கள் கால் விரலில் ஆரம்பிக்கலாம், தூங்கும்போது அது அசையாது. முடித்ததும் கீழ் மூலையில் தேதியை மட்டும் எழுதி வையுங்கள், இப்போதைக்கு வேறெதுவும் வேண்டாம்.